பந்தும் பணமும் – 6: எல்லைக்கல்லும் தென்னங்கன்றும்

நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒரு பணக்காரர் எதற்காகக் கால்பந்து அணியை வாங்குகிறார்? இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து எங்கள் திருவேற்காட்டில் பந்து விளையாடும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். "விளம்பரத்துக்குத்தான் அண்ணா" என்கிறான் ஒருவன். "பேரு வேணும்ல, அதான்" என்கிறான் இன்னொருவன். "ஆசைதான், வேற என்ன?" என்கிறான் மூன்றாமவன். வாங்கியவர் மனசுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. அவர் பணம் எந்த மண்ணில் போய் இறங்கியது என்பதை மட்டும் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் மனை வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் நாலு மூலையிலும் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போய்விடுவார். விலை ஏறினால்தான் திரும்பி வருவார். இன்னொருவர் முதல் வேலையாகப் போர் போட்டு, நாலு தென்னங்கன்று வைப்பார். பத்திரப் பதிவு நாளன்று இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. நாலைந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் தெரியும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் பிளாக்பர்ன் என்ற பழைய நெசவாலை ஊர் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்து இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரரானவர் ஜாக் வாக்கர். 1990-களின் தொடக்கத்தில் தன் ஊர் அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸை அவர் கையில் எடுத்தார். பழைய ஈவுட் பார்க் அரங்கத்தைப் புதிதாக எழுப்பினார், ப்ராக்ஹாலில் பயிற்சி வளாகம் கட்டினார், முன்கள வீரர் ஆலன் ஷியரரைக் கொண்டுவந்தார். 1995-ல் அந்தச் சின்ன ஊர் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அவர் ஏன் வாங்கினார் என்று அங்கே யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. 2000-ல் அவர் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2010 நவம்பரில், அதே அணியை 23 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது நம் நாட்டு நிறுவனம்: புனேயின் வெங்கீஸ். பி.வி. ராவ் 1971-ல் தொடங்கிய கோழி வளர்ப்புத் தொழிலை அவருடைய பிள்ளைகள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஏன் வாங்கினார்கள்? உலகம் முழுக்க ஒளிபரப்பாகும் பிரீமியர் லீக்கில் இருந்தால் வெங்கீஸ் என்ற பெயர் எல்லா நாட்டு வீட்டுக்கும் போகும் என்பது காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மறு வருஷமே ரோவர்ஸ் வீரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து வெங்கீஸ் கோழி சாப்பிடும் விளம்பரப் படம் வந்தது. அதற்கு முன்பே, வாங்கிய மறு மாதத்தில், அனுபவசாலியான மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டிருந்தார். 2012 மே மாதம் விகன் அணியிடம் சொந்த அரங்கத்தில் தோற்று ரோவர்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அன்று கோபத்தில் இருந்த ரசிகர்கள் கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். 2017-ல் அணி மூன்றாம் பிரிவுக்கே போனது.

விளம்பரம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அன்றே விற்றுவிட்டுப் போயிருக்கலாம். ராவ் குடும்பம் போகவில்லை. இன்றுவரை 200 மில்லியன் பவுண்டுக்கு மேல் அந்த அணிக்குள் கொட்டியிருக்கிறது. வாங்கும்போது இருந்த நோக்கம் ஒன்று, வைத்திருக்கும் நோக்கம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ரோஷமாக இருக்கலாம். வாங்கிய பொறுப்பைப் பாதியில் விடக்கூடாது என்ற வைராக்கியமாகவும் இருக்கலாம். அவர்கள் பணம் இல்லாவிட்டால் அந்தக் கிளப் என்றோ முடங்கியிருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் 2021-ல், வாக்கர் கட்டிய ப்ராக்ஹால் வளாகத்தின் ஒரு பகுதியில் வீடுகள் கட்ட இடம் கொடுக்கும் யோசனை கிளப்பிடமிருந்தே வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். பத்து வருஷ நஷ்டத்தைவிட அவர்களுக்கு அதுதான் வலித்தது. தென்னை நின்ற இடத்தில் எல்லைக்கல் நடப் பார்த்தால் எந்த ஊருக்குத்தான் வலிக்காது?

சரி, நம் ஊருக்கு வருவோம். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகப் போனால் பெரியமேடு. அங்கே ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தில்தான் சென்னையின் எஃப்.சி. ஆடுகிறது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது இந்த அணிக்கு உரிமையாளர்களாக வந்தவர்கள் நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியும்; தொழிலதிபர் வீடா டானியும் இவர்களோடு இணைந்தார்.  பச்சனுக்கு ஏற்கெனவே ஜெய்ப்பூர் கபடி அணி இருந்தது. பள்ளியில் கோல்கீப்பராக நின்றவர் தோனி. ஆசை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அவர்கள் வாங்கியது எதை? பிளாக்பர்னில் வாங்கியவருக்கு அரங்கம் கிடைத்தது, நிலம் கிடைத்தது, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெயர் கிடைத்தது. இங்கே கிடைத்தது லீக்கில் ஆடும் உரிமையும் ஒரு சின்னமும்தான். அரங்கம் அரசுடையது. லீக்கை நடத்திய நிறுவனத்துக்கு வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்து அப்போது இல்லை என்பது ஒரு சௌகரியம். ஐ.பி.எல். கணக்கு எல்லோர் மனதிலும் ஓடியிருக்கும். 2008-ல் 91 மில்லியன் டாலருக்குப் போனது சென்னை சூப்பர் கிங்ஸ். 2021-ல் புத்தம்புதிய லக்னோ அணிக்கு 7,090 கோடி ரூபாய் கொடுத்தார் சஞ்சீவ் கோயங்கா; மோகன் பகான் கால்பந்து அணியைக் கையில் வைத்திருப்பவரும் அவர்தான். முதலிலேயே உள்ளே வந்தவர் காத்திருந்தால் போதும் என்ற எண்ணம் தப்பில்லாத வியாபாரக் கணக்குதான். ஆனால் கிரிக்கெட்டுக்கு வந்த டி.வி. பணம் கால்பந்துக்கு வரவில்லை.

அப்படியும் அவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடிவிட்டு, கோவாவில் கோப்பையை வென்றது சென்னையின். 2018 அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ். அந்த கோலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அப்படிப் பத்து கணேஷ்களை இந்த நகரம் தந்திருக்க வேண்டும்.

இதே ஊரின் இன்னொரு கதை மறந்துபோனது. ரோஹித் ரமேஷ் நடத்திய சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு 2019 மார்ச்சில் ஐ-லீக்கை வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இவர்கள் நோக்கத்தை ஊகிக்கச் சிரமமே இல்லை. இளம் வீரனைக் கண்டெடுத்து, வளர்த்து, பெரிய அணிக்கு விற்பது பாசெலின் தொழில். எகிப்திலிருந்து கொண்டுவந்த முகமது சலாவை 2014-ல் செல்சிக்கு விற்றவர்கள் அவர்கள். லாபத்துக்காகவே வந்தார்கள் என்றாலும், நம் பிள்ளைகள் தேறினால்தான் அவர்களுக்கு லாபம். எனக்கு அந்த நோக்கம் மற்றவற்றைவிடப் பிடித்திருந்தது. ஆனால் 2021–22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

2025-ல் ஐ.எஸ்.எல். லீக்கை நடத்திய நிறுவனத்தின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் எல்லாம் தொங்கலில் நின்றது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. லீக்கின் வணிக உரிமைக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது; நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட முன்வந்திருக்கவில்லை. உரிமையாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; தண்ணீர் வருமா என்றே தெரியாத இடத்தில் யார் போர் போடுவார்?

ஆனாலும் நம்மிடம் ஒரு பிடி இருக்கிறது. நேரு அரங்கம் அரசின் சொத்து. அடுத்து எந்தப் பணக்காரர் சென்னை அணியை வாங்கினாலும் அந்தப் புல்லில்தான் ஆடியாக வேண்டும். அரங்கத்தைக் கொடுக்கும்போதே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒரு நிபந்தனை போடலாம்: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு பயிற்சி மைதானம், அதில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி, உரிமையாளர் மாறினாலும் மைதானம் பொதுவில் நிற்கும் என்று எழுத்தில் உறுதி. மறுக்கிறவரின் நோக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

பணக்காரர் எவ்வளவு போட்டாலும் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் ஒரு விதி உண்டு. அங்கே அது எப்படி நடக்கிறது, யார் யார் அதில் ஓட்டை போடப் பார்த்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)