பள்ளிக்கூடத்துச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தெருக்களில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்கள் காற்றிறங்கிச் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிய திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. அக்கா படித்து முடித்ததும் அந்த வண்டி எடைக்குப் போகிறது. தம்பிக்கு மதுரை டவுனில் ஸ்பிரிங்கும் கியரும் வைத்த மலிவு சைக்கிள் வருகிறது. பழையதை ஓவராயில் பண்ணுவதே லாபம் என்பேன்.

பின்சக்கர ஹப்பைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்கு 9 பால்ரஸ், ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஒரு குண்டு, அச்சில் திருகியிருக்கும் கோனைத் தொடும் இடம் கடுகைவிடச் சிறியது. பின்சக்கரத்தில் விழும் பாரமெல்லாம் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் இறங்குகிறது. கிரீஸ் காய்ந்து கரிசல் புழுதி புகுந்தால் எஃகில் அம்மைத் தழும்புபோலக் குழி விழும். கோனை அதிகமாக முடுக்கினாலும் இதே கதிதான். மண்ணெண்ணெயில் கழுவி, குண்டையும் கோனையும் மாற்றி, புது கிரீஸ் வைத்தால் போதும். ஹப்பின் உள்கிண்ணத்திலேயே குழி விழுந்திருந்தால் மட்டும் ஹப்பை மாற்ற வேண்டும். எல்லாமே பொது அளவு. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

மலிவு ஸ்பிரிங் வண்டியில் இந்த வசதி குறைவு. துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு அதன் ஸ்பிரிங்கில் பெரும்பாலும் இருக்காது. எழுந்து நின்று மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி, உழைப்பில் ஒரு பங்கு உராய்வில் வெப்பமாகிவிடும். பின்மூட்டின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். யானைமலையும் நாகமலையும் ஒதுங்கி நிற்கிற இந்தச் சமவெளியில் அத்தனை கியருக்கு வேலையும் இல்லை.

இங்கே டியூபுக்கு எமன் சீமைக் கருவேல முள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரங்களை வெட்டச் சொன்னது. முள் இன்னும் ரோட்டோரம் கிடக்கிறது. பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முள்நுனி உள்ளேயே இருந்தால் மறுநாளே காற்றிறங்கும்.

பள்ளி வண்டியின் ஃபிரேம் சாதா இரும்பு. விரிசல் கண்டால் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே பற்றவைக்கலாம். அலுமினியத்துக்கு அது நடக்காது. முன் ஃபோர்க்கில் விரிசல் என்றால் மட்டும் பற்றவைக்காமல் புதிதாகவே மாற்றுங்கள். ஓடும்போது அது முறிந்தால் பிள்ளை முகம் குப்புற விழும்.