வானிலிருந்து வந்த போர் – 7: ஒரே புனித வாரம், இரண்டு நகரங்கள்

சென்ற வாரம் கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய கற்றலினா விமானத்தோடு நிறுத்தியிருந்தேன். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரும் உயிர்தப்பிய தோழர்களும் கைதிகளானார்கள். அந்தச் செய்தி கொழும்புக்கு ஓர் இரவு அவகாசம் தந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு.

அந்த ஞாயிறுக்கு முன், அதற்கு முந்திய குருத்து ஞாயிறைப் பார்த்துவிடுவோம். அன்று ஜேர்மனியின் வடகரையில் எரிந்த லூபெக் நகரின் கதை தெரிந்தால்தான் கொழும்பில் நடந்ததன் பொருள் முழுதாக விளங்கும்.

லூபெக் மத்திய காலத்து வணிக நகரம். வட ஐரோப்பிய வணிகர்களின் ஹன்சா கூட்டமைப்புக்கு அதுதான் தலைநகர்போல இருந்தது. ஆற்று நீர் சூழ்ந்த மேட்டில் செங்கல் கோபுரங்கள், ஒடுங்கிய சந்துகள், மரச் சட்டங்களால் கட்டிய பழைய வீடுகள். பெரிய ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர் அல்ல. ஆனால் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைக்கு அதில் இரண்டு வசதிகள் தெரிந்தன. கடலோரமாக இருந்ததால் நிலவொளியில் கண்டுபிடிப்பது சுலபம். பழைய மர வீடுகள் என்பதால் எரிப்பதும் சுலபம். அந்த ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளரின் மன உறுதியைக் குலைப்பதே இனி முதல் நோக்கம் என்று படைக்கு உத்தரவு போயிருந்தது. சில நாட்களில் தலைமைக்கு வந்தவர் ஆர்தர் ஹரிஸ். நகரைத் தீயால் அழிக்கும் முறை பலிக்குமா என்று பார்க்க அவருக்கு ஒரு நகரம் தேவைப்பட்டது.

மார்ச் 28 சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டித் தாக்குதல் தொடங்கியது. 234 விமானங்கள் சுமார் 400 தொன் குண்டுகளைப் போட்டன. அதில் மூன்றில் இரண்டு பங்கு தீக்குண்டுகள். வேலை நடந்த முறையைக் கவனியுங்கள். கனத்த வெடிகுண்டுகள் கூரை ஓடுகளையும் ஜன்னல்களையும் பிய்த்தெறியும். திறந்துகிடக்கும் வீட்டுக்குள் இரண்டு கிலோவுக்கும் குறைந்த சின்னஞ்சிறு மக்னீசியக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் விழும். பரணில் ஒன்று பற்றினால் போதும், உடைந்த ஜன்னல் வழியே புகும் காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு தெருவில் ஒரே நேரத்தில் ஐம்பது இடங்களில் தீப்பிடித்தால் எந்தத் தீயணைப்புப் படை எந்த வீட்டுக்கு ஓடும்?

விடிந்தபோது குருத்து ஞாயிறு. 300க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சுமார் 15,000 பேருக்கு வீடில்லை. புனித மரியாள் ஆலயத்தின் தென்கோபுரத்தில் தொங்கிய மணிகள் தீயில் அறுந்து தரையில் மோதி நொறுங்கின. போருக்குப் பின் ஆலயத்தைத் திருப்பிக் கட்டியவர்கள் அந்த மணிகளை அகற்றவில்லை. விழுந்த இடத்திலேயே, உடைந்த வாக்கிலேயே இன்றும் கிடக்கின்றன.

நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் தோமஸ் மான் லூபெக்கில் பிறந்தவர். அவருடைய ‘புட்டன்புரோக்ஸ்’ நாவலுக்குக் களமான குடும்ப வீடும் அந்த இரவில் முகப்புச் சுவர் மட்டும் மிஞ்ச எரிந்துபோனது. ஹிட்லரை எதிர்த்து அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த அவர், பிபிசி வழியாக ஜேர்மன் மக்களிடம் பேசியபோது பிறந்த ஊருக்காக வருந்தினார். அதே மூச்சில், 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் நாசமாக்கிய கொவென்ட்ரியையும் நினைவூட்டினார். சொந்த வீடு எரிந்த நேரத்திலும் கணக்கின் இரு பக்கத்தையும் பார்க்க அவரால் முடிந்தது. ஹிட்லரின் பதில் வேறு விதமாக வந்தது. எக்ஸிற்றர், பாத், நோர்விச், யோர்க் என்று இங்கிலாந்தின் பழம்பெரும் நகரங்களை அடுத்தடுத்துத் தாக்கச் செய்தார்.

லூபெக்கில் புகை அடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 5 காலை ஏழரை மணியளவில், ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. தலைமை தாங்கியவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலை வழிநடத்திய அதே புச்சிடா. அவர்கள் தேடிவந்தது பிரித்தானியக் கீழைக் கடற்படையை. அதன் பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் இல்லை. அங்கிருந்த ‘டெனெடோஸ்’, ‘ஹெக்டர்’ என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. இரத்மலானையில் ஹரிகேன் விமானங்கள் தரையில் நின்றபடியே எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டான். ஆனால் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து எழுந்த விமானங்கள் சண்டையிட்டன. அதே நாள் நடுக்கடலில் ‘கோர்ன்வோல்’, ‘டோர்செட்ஷயர்’ என்ற இரண்டு போர்க்கப்பல்கள் 424 பேரோடு அழிந்தன.

நகரில் இறந்த பொதுமக்கள் 85 பேர். அங்கொடை மனநல மருத்துவமனைமீதும் குண்டுகள் விழுந்தன. விமானிகள் அதை எண்ணெய்த் தாங்கிகள் என்று நினைத்துவிட்டார்களாம். உள்ளே இருந்தவர்களோ சைரன் எதற்கு ஊதுகிறது என்றுகூட அறியாத நோயாளிகள்.

கொழும்பில் குறி துறைமுகம். மருத்துவமனை பிழையாக அகப்பட்டது. லூபெக்கில் வீடுகளே குறி. அங்கே பிழை என்று எதுவும் இல்லை. ஒரு நகரம் எவ்வளவு நன்றாக எரியும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியபோதே போர் வேறொன்றாக மாறிவிட்டது. லூபெக்கின் ‘வெற்றி’தான் அடுத்த ஆண்டு ஹம்பர்க்குக்கும் 1945 பெப்ரவரியில் டிரெஸ்டனுக்கும் வழி திறந்தது. டிரெஸ்டனில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 25,000 பேர்.

எங்கள் கரையும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. ஜப்பானியத் தாக்குதலுக்குப் பின் தீவெங்கும் விமானத் தளங்கள் பெருகின. வண்ணாத்திவில்லிலிருந்து புத்தளம் நகரைத் தாண்டிப் போனால், கல்பிட்டி வீதி பிரியும் இடம் பாலாவி. அங்கே பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் ‘எச்.எம்.எஸ். ராஜாளிய’ என்ற பெயரில் இயங்கியது. கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் இங்கே இறங்கித் தங்கின. சேற்று நிலத்தில் கோர்செயர் போர்விமானங்களை யானை கட்டி இழுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. பாகன் பக்கத்தில் நிற்க, சங்கிலி பூட்டிய யானை இறக்கை மடித்த விமானத்தை இழுத்துப்போகும். 1944இல் தீவிலிருந்து கிளம்பிய கீழைக் கடற்படையின் விமானந்தாங்கிகள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. குண்டுக்குப் பயந்திருந்த தீவு, இரண்டே ஆண்டில் குண்டு கிளம்பும் தீவாயிற்று.

பிறகு உள்நாட்டுப் போரில் சொந்த நாட்டு வானத்திலேயே குண்டு வந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் புத்தளம் மாவட்டத்தில் வந்து குடியேறிய முஸ்லிம்களில், யாழ்ப்பாணத்தில் ‘பொம்மர்’ சத்தம் கேட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள் உண்டு. 1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள்மேல் விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹரிஸ் 1942இல் திறந்த கதவு வழியாகத்தான் உலகெங்கும் இத்தனை விமானங்கள் பறந்து வந்திருக்கின்றன.

அந்தக் கதவை மூட ஒரு முயற்சி நடந்தது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த முதலாம் மேலதிக நெறிமுறை, ஒரு நகரில் தனித்தனியாக இருக்கும் இராணுவ இலக்குகளை ஒரே இலக்காகக் கொண்டு ஊரையே தாக்குவதைத் தடைசெய்தது. லூபெக்கில் செய்ததும் டிரெஸ்டனில் செய்ததும் அதன்படி குற்றம். ஜேர்மனி 1991இலும், பிரித்தானியா 1998இலும், ஜப்பான் 2004இலும் அதை ஏற்றுக்கொண்டன. இந்த அத்தியாயத்தில் 1942இல் குண்டு போட்ட மூன்று நாடுகளும் சேர்ந்துவிட்டன. குண்டு வாங்கிய இலங்கை இன்னும் அதில் சேரவில்லை. அந்த நெறிமுறை நாடுகளுக்கிடையிலான போருக்கானது, நவாலிக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். உள்நாட்டுப் போரில் குடிமக்களைக் காக்க அதே ஆண்டில் இரண்டாம் நெறிமுறையும் வந்தது. அதிலும் நாம் இல்லை. கொழும்பு, திருக்கோணமலை, யாழ்ப்பாணம் என்று இவ்வளவு பட்ட நாடு இரண்டிலும் சேர வேண்டும். அதற்குப் பாராளுமன்றத்தில் குரல் எழுப்பும்படி நம் பிரதிநிதிகளிடம் கேட்பது, இந்தத் தொடரை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஏப்ரல் 9, திருக்கோணமலை; நாட்கணக்கில் எரிந்த எண்ணெய்த் தாங்கி.