சீந்தில் கஷாயம் குடித்தால் கல்லீரல் கெடுமா? டாக்டர்கள் சொல்வது என்ன?

கொரோனா நேரத்தில் நாம குடிக்காத கஷாயமா? அப்போது நாடு முழுக்க பரபரப்பாக விற்றது 'கிலோய்'. வேறொண்ணும் இல்ல, நம்ம ஊர் சீந்தில் கொடிதான். 'இம்யூனிட்டி' கூடும் என்று பொடியாக, மாத்திரையாக, ஜூஸாக மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மும்பையில் 6 பேர் கல்லீரல் பாதிப்புடன் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது சீந்தில். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அடுத்து, 2022-ல் பல ஊர் மருத்துவர்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். குடிக்க ஆரம்பித்ததற்கும் அறிகுறி தெரிந்ததற்கும் நடுவே சராசரியாக 46 நாள். இந்த இடைவெளிதான் சிக்கல். ஒன்றரை மாதமா ஒண்ணும் ஆகல, இப்போ மட்டும் இதனாலயா வரும்னு யாருக்குமே தோணாது.

எப்படி நடக்கிறது? சீந்தில் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதுதானே அதன் பெருமை! சிலருக்கு அப்படித் தூண்டப்பட்ட எதிர்ப்பு சக்தி, சொந்தக் கல்லீரலையே தாக்குகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். பயாப்ஸியிலும் அதற்கான அடையாளங்கள் இருந்தன. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவர்களும் இதில் அடக்கம்.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடியால் பாதிப்பு வந்திருக்கலாம் என்றது. சரி, அப்படியே இருக்கட்டும். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் பொடி எந்தக் கொடியென்று நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. "வேற ஏதாவது மருந்து எடுக்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்ல டாக்டர்" என்போம். கஷாயத்தை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எங்க வீட்லயும் இதே கதைதான். மஞ்சள் காமாலை வந்தால், அதற்கும் இன்னொரு மூலிகையை அரைத்துக் குடித்து நாள் கடத்துவோம். கல்லீரல் செயலிழந்துகொண்டு இருந்தால், அப்படிக் கடத்தும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, பசியே எடுக்காமல் உடம்பு சோர்ந்தாலோ, உடனே கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்பது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான். போகும்போது அந்தப் பொடி பாக்கெட்டையும் மறக்காம கையோட எடுத்துட்டுப் போங்க.