ரத்தக்குழாய் எட்டாத ஜவ்வு

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லத் தொழில் என்றாலே குனிவதும் தூக்குவதும்தான். கரும்பை அடியோடு வெட்டக் குனிய வேண்டும், கட்டைத் தலையில் ஏற்ற வேண்டும், கொப்பரையில் பாகு பதத்துக்கு வரும்வரை கிண்ட வேண்டும், ஆறிய வெல்லத்தைச் சிப்பம் கட்டித் தூக்க வேண்டும். ‘ஜவ்வு தேய்ஞ்சிருச்சு’ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

அந்த ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு. மொத்தம் 23. ஒவ்வொன்றும் நுங்கு மாதிரி: வெளியே நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழ். இளவயதில் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வயது ஏற ஏற நீர் வற்றி இறுகுகிறது. நாரில் விரிசல் விழுகிறது. அதன் வழியே கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், பிட்டத்திலிருந்து பாதம்வரை சுண்டி இழுக்கும்.

தூக்கும் விதத்தில் எவ்வளவோ இருக்கிறது. ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒருவரின் வட்டுக்குள்ளேயே கருவியைச் செலுத்தி அளந்து 1999இல் வெளியிட்டார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3, முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7; உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1.

வட்டின் நடுப்பகுதிக்கு ரத்தக்குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடுகள் வழியாகச் சத்து கசிந்து வர வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், ஊசியில் செலுத்திய சாயம் வட்டுக்குள் ஊறுவதை 24 மணி நேரம்வரை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்துக் காட்டினார்கள். தகடு பழுதானால் இந்தப் போக்குவரத்து குலைகிறது என்று கண்ட அந்த ஆய்வு, 2004இல் சர்வதேசப் பரிசு பெற்றது. நம் பக்கத்து ஊரில் நடந்த வேலை இது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று பார்த்ததுமே வாழ்க்கை முடிந்ததாக ஒடிந்துபோகிறவர்களைக் கண்டால் மனம் தாங்கவில்லை. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களைப் படமெடுத்தாலும் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரியும். படத்தோடு வலியையும் காலின் பலத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுசெய்ய வேண்டும். பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் தசைதான் தளரும். முடிந்த அளவு நடப்பதும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்வதும் நல்லது.

ஆனால் பாதம் தூக்க வராமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பழனி அரசு மருத்துவமனைக்கோ, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். நரம்பு நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், ஆபரேஷன் செய்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.