பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்!



"வீட்டில் பழைய இராணுவப் பதக்கம் ஒன்று கிடக்கிறது. என்ன விலைக்குப் போகும்?" பழம்பொருள் சேகரிப்பு பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் தொலைபேசி வழியாக வந்த முதல் கேள்வி இதுதான். அரங்கில் இருந்த சேகரிப்பாளர் விலை சொல்லவில்லை. "ஐயா, அதன் விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சுட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பொதுவாக இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நீண்ட சேவைக்கோ உயர் பதவிக்கோ தரப்படும் சிறப்பு விருதுகள் ஒரு வகை. வீரச் செயலுக்குத் தருபவை இன்னொரு வகை. ஒரு போரிலோ நடவடிக்கையிலோ பங்கு பெற்ற அனைவருக்கும் தருபவை மூன்றாவது வகை. நம் வீட்டு பிஸ்கட் டின்களில் கிடப்பவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

வீரப் பதக்கம் என்றால் எப்படி இருக்கும்? 1940-இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஏற்படுத்திய 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கத்தைச் சொல்லலாம். சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 24 பிப்ரவரி 1944-இல் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் பாய்ந்து, தம் உயிரைக் கொடுத்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் அவருக்கு இது வழங்கப்பட்டது. நம் மண்ணிலேயே, 27 மே 1951-இல் ஜொகூர் குளுவாங் காட்டில், சரவாக்கைச் சேர்ந்த இபான் வீரர் அவாங் அனாக் ராவாங், தாம் குண்டடிபட்ட நிலையிலும் காயமடைந்த சிப்பாய் ஒருவரை விட்டு அகலாமல் போராடி இதே விருதைப் பெற்றார்.

இனி சாதாரணப் பதக்கங்களுக்கு வருவோம். அவற்றையும் படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும்.

முதலில் நாடாவின் நிறம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது முதல் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது வரை இங்குப் போரிட்ட தரைப்படையினருக்கு 'பசிபிக் ஸ்டார்' உரியது. அதன் நாடாவில் பச்சையும் மஞ்சளும் காட்டையும் கடற்கரையையும் குறிக்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் முப்படைகளுக்கு. அவசரகாலத்தில் (1948 - 1960) பணியாற்றிய இராணுவத்தினரும் போலீசாரும் பெற்ற வெள்ளிப் பதக்கத்திற்கு ஊதா நிற நாடா, நடுவில் பச்சைக் கோடு. அதன் மேல் 'மலாயா' என்று பொறித்த பட்டை இருக்கும்.

அடுத்து முகப்பு. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கத்தில் ஆறாம் ஜார்ஜின் பெயரோடு 'இந்தியாவின் பேரரசர்' என்ற பட்டமும் இலத்தீனில் இருக்கும். இந்தியா விடுதலை பெற்ற பிறகு, 1948-இல் அந்தப் பட்டம் கைவிடப்பட்டது. அவசரகாலப் பதக்கத்தில் ஜார்ஜின் முகம் இருந்தால் முந்தியது, எலிசபெத் அரசியார் இருந்தால் பிந்தியது. ஒரு சாம்ராஜ்யம் சுருங்கிய கதையே அந்தச் சிறு வட்டத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது விளிம்பு. பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை தெரியும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய இராணுவத்தினருக்கோ பெயர் பொறித்துத் தந்தார்கள். நம்மவர்களின் சந்ததிக்கு இது பெரிய பேறு. முனியாண்டி, சுப்பையா என்ற பெயரில் ஒரே படையில் பலர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

விளிம்பைப் பார்ப்பது போலியைக் கண்டுபிடிக்கவும் உதவும். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் பொறித்து விற்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் வட்டப் பதக்கத்தின் வழக்கமான குறுக்களவு 36 மில்லிமீட்டர். அராவியிருந்தால் அளவு குறையும். அளவுகோல் பொய் சொல்லாது.

வாள்களுக்கும் இதே நியாயம்தான். ஜப்பானிய வாளைச் செய்த கொல்லரின் பெயர் இருந்தால், அது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புப் பகுதியில் இருக்கும். போர்க்காலத்தில் கீழ்நிலை அதிகாரிகளுக்குத் தொழிற்சாலையில் செய்து கொடுத்த வாள்களில் எண் முத்திரை இருக்கும். கைப்பிடிக்குள் உள்ள பழந்துருவைச் சேகரிப்பாளர்கள் தேய்ப்பதே இல்லை. அந்தத் துருவின் நிறம்தான் வாளின் வயதுக்குச் சாட்சி. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் சாட்சியை அழித்தவர்களாகிவிடுவோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் தாத்தா அவசரகாலத்தில் போலீசில் இருந்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கோடு அவருடைய பதக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பார் பாட்டி. பத்து வயதில் நானும் ஆசையாகத் தேய்த்திருக்கிறேன். அன்றைய நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போய் விளக்கடியில் விளிம்பைப் பார்த்தேன். 'மலாயாக் கூட்டரசுப் போலீஸ்' என்பதன் சுருக்கெழுத்து தெரிந்தது. பெயரில் பாதி இருந்தது. எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. எந்த மாவட்டத்தில் இருந்தார், என்ன பார்த்தார் என்று தாத்தா எங்களிடம் சொன்னதில்லை. பதிவேட்டில் தேட வழிகாட்டியிருக்கக்கூடிய எண்ணை, அன்பினால்தான் என்றாலும், நாங்களே அழித்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் பதக்கம் இருந்தால் தேய்க்காதீர்கள். மென்மையான துணியில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். விளிம்பில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, படமும் எடுத்து வையுங்கள். பல பதக்கங்கள் சேர்ந்திருந்தால் பிரித்து விற்காதீர்கள்; சேர்ந்திருந்தால்தான் அது ஒரு மனிதரின் வரலாறு. வீரப் பதக்கம் என்றால் 'லண்டன் கெஜட்' இதழில் தேடலாம். உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இன்றே கேளுங்கள். அழிந்த எழுத்துகளை அவர்களின் நினைவு நிரப்பக்கூடும். எங்கள் பாட்டியிடம் கேட்க எனக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போய்விட்டது.