உங்களுக்குத் தெரியுமா?

எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிதான் ஊதா நிறச் செவ்வந்திக்கல்லுக்குக் கருவறை!

அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்தில் உள்ள வாண்டா சுரங்கத்தில் இதைப் பாறைச் சுவரிலேயே பார்க்கலாம். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகி ஓடிய எரிமலைக் குழம்பு இறுகியபோது, உள்ளே வாயுக் குமிழிகள் பொந்துகளாகத் தங்கின. பிறகு சிலிக்கா கலந்த நீர் கசிந்து, படிகம் வளர்ந்தது. ஊதா வந்தது எப்படி? துளி இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் செய்த வேலை.

● இதே கல்லைச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். கடைகளில் ‘சிட்ரின்’ என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்டதுதான்!

● வாண்டா, போலந்துக் குடியேறிகளின் ஊர். போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கியின் மகள் பெயர் அது.

● வாண்டா வழியே செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சான் இக்னாசியோ மினி. இயேசு சபையினரும் குவரானி மக்களும் வாழ்ந்த ஊரின் இடிபாடு. செம்மணற்கல் கட்டடங்கள், குவரானிக் கைகளின் செதுக்கு வேலை அபாரம். 1767-ல் ஸ்பெயின் மன்னர் சபையினரை வெளியேற்றினார். 1984 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

● அங்கே ஒரு மரம் கல்தூணையே விழுங்கி நிற்கிறது. குழந்தைகளோடு போனால் அதைத் தவறவிடாதீர்கள்.