கிராங்குத் தண்டில் டம்பரைப் பூட்டும் முறை

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு உரமும் விதைக்கிழங்கும் ஏற்றிவரும் லொறி, கீழ்க் கியரில் நெடுநேரம் முழுப் பாரத்துடன் மலையேறுகின்றது. அப்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரியுந்தோறும் கிராங்குத் தண்டு சிறிதளவு முறுகி மீள்கின்றது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால் ஆட்டம் பெருகுவதுபோல, குறித்த சில வேகங்களில் இம்முறுக்கமும் பெருகும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் தண்டு நீளமாதலால் ஆபத்து அதிகம். நாளடைவில் தண்டு வெடித்து முறியவுங்கூடும். ஒரு போகத்து மரக்கறி வருமானம் அத்துடன் போய்விடலாம்.

இதனைத் தடுப்பதற்கே தண்டின் முன்முனையில் டம்பர் பூட்டப்படுகின்றது. இங்கிலாந்துப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1910ஆம் ஆண்டளவில் இவ்வகைத் தணிப்புக் கருவியை வகுத்தார். இன்று பெரிதும் காணப்படுவது, நடுவே குடமும் வெளியே கனத்த இரும்பு வளையமும் இடையே இறப்பரும் கொண்டதாகும். குடம் முறுகும்போது வளையம் பிந்தி நிற்க, இறப்பர் அம்முறுக்கத்தைத் தணிக்கின்றது. வயலில் உழும் இருசக்கர உழவு இயந்திரத்தில் ஒரே சிலிண்டரும் குட்டைத் தண்டுமே உள்ளமையால், அதில் டம்பரைத் தேடவேண்டாம்.

டம்பரைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது பல இடங்களிற் காணும் வழக்கம். இது முற்றிலும் தவறு. அடியின் வேகம் தண்டின் வழியே சென்று உள்ளிருக்கும் பெயரிங்கைத் தாக்கும், இறப்பரும் பிடிவிடும். கழற்றும்போதும் புல்லரைக் குடத்திலுள்ள துளைகளிற் பூட்டி இழுக்கவேண்டுமேயன்றி, வெளி வளையத்தைப் பற்றி இழுத்தலாகாது.

எஞ்சின் ஆறியபின் பற்றரி இணைப்பைக் கழற்றுக. தண்டின் முனையைத் துடைத்து, சாவித்துண்டு அதன் பள்ளத்தில் நேராக இருக்கின்றதா எனப் பார்க்க. குடத்தில் ஒயில் சீல் உராயும் இடத்தில் ஆழமான கோடு விழுந்திருந்தால், புதிய சீல் போட்டும் எண்ணெய் கசியும். சீலின் விளிம்பில் சிறிது எண்ணெய் தடவிக் குடத்தைச் சாவித்துண்டுக்கு நேராகக் கையால் வைக்க. இறுக்கமாக ஏறும் வகையாயின், புரியிட்ட கம்பியைத் தண்டினுள் ஆழமாகத் திருகி, அதன்மீது நட்டைச் சுழற்றி மெல்ல அழுத்தி ஏற்றவேண்டும். கம்பிக்குப் பதிலாகப் பழைய போல்ற்றையே பயன்படுத்துவோர் உளர். போல்ற்று இரண்டு மூன்று புரிகளில் மட்டும் பற்றியிருக்க இழுத்தால் தண்டின் புரியே கழன்றுவிடும். அதற்குப் பரிகாரம் எளிதன்று.

குடம் முழுதும் அமர்ந்தபின், தண்டு சுழலாதவாறு பிளைவீலைத் தடுத்து, எஞ்சின் கைநூலிற் கூறிய அளவுக்கு அளவு காட்டும் ஸ்பனரால் போல்ற்றை இறுக்குக. சில எஞ்சின்களுக்குப் புதிய போல்ற்றே போடவேண்டும்; அதனையும் கைநூலிற் காண்க.

பின்னர் குடத்திலிருந்து வளையம்வரை வெள்ளை வர்ணத்தால் ஒரே நேர்கோடு இடுக. சில நாள் ஓட்டத்தின்பின், எஞ்சினை நிறுத்திவிட்டு நோக்குமிடத்து அக்கோடு விலகியிருப்பின் இறப்பர் வழுக்கிவிட்டது. அந்த டம்பரை மாற்றாமல் பாரமேற்றுதல் கூடாது.